எண்ணாமல் விட்ட முந்நூறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு 14 வயது, ஐந்தடி ஐந்தங்குலம். அமெரிக்காவின் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் ஆடவேண்டும் என்கிறாள். இந்த உயரம் போதுமா? கூடைப்பந்தை நம்பி ஒரு பெண் பிழைக்க முடியுமா? தினமும் 300 ஜம்ப் ஷாட், அதாவது குதித்தபடி வளையத்துக்கு எறிவது, போடுகிறாள். ஒரு மாதமாக முட்டிச்சில்லுக்குக் கீழே வலி. ஆட ஆடச் சரியாகிவிடும் என்கிறார் கோச்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

2020-இல் அங்கே சிறந்த புதுமுகமாகத் தேர்வான கிரிஸ்டல் டேஞ்சர்ஃபீல்டும் ஐந்தடி ஐந்தங்குலம்தான். உயரப் பேச்சு முடிந்தது. பிழைப்பா? 2024-இல் புதுமுகங்களை அணிகள் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்ட கெய்ட்லின் கிளார்க்கின் முதலாண்டுச் சம்பளம் 76,535 டாலர். அந்த ஆண்டு இருந்தவை 12 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 12 பேர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

என்னை உறுத்துவது உங்கள் கடைசி வரி. ஒரு மாத வலியை வால்போல ஒட்டவைத்திருக்கிறீர்கள்! 300 ஷாட் என்றால் 300 முறை தரையில் இறங்குகிறாள். வளையத்தில் விழுந்ததை எண்ணுகிறீர்கள்; இறங்கியதை யாராவது பார்த்தீர்களா? தொடைத்தசையின் நாண் முட்டிக்குக் கீழே எலும்பில் ஒட்டுகிற இடம் இந்த வயதில் முழுசாக எலும்பாகியிருக்காது. ஒவ்வொரு குதியும் அதை இழுக்கிறது. அந்த வலி ஆட ஆடச் சரியாகாது, குதிப்பதைக் குறைத்தால்தான் ஆறும். முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை கால் தரையைவிட்டு எழாத ஷாட் மட்டும், அதுவும் வலிக்காத அளவுக்கு.

இந்த வலி பெரும்பாலும் ஆறிவிடும். நான் பயப்படுவது ஏ.சி.எல்.லுக்கு, முட்டிக்குள் இருக்கும் சிலுவைத் தசைநாருக்கு. பெரும்பாலும் யாரும் இடிக்காமலே அது அறும். வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தை எட்டிப் பிடித்து ஒற்றைக்காலில் இறங்குவாள், முட்டி மடங்காமல் விறைத்து உள்பக்கம் சாயும், அவ்வளவுதான். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது பல மடங்கு அதிகம். அறுவைக்குப் பிறகு களம் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும். டபிள்யூ.என்.பி.ஏ. ஆட்டக்காரர் சூ பேர்டுக்கு 1998-இல், கல்லூரியில் எட்டே ஆட்டம் ஆடியிருந்தபோது அறுந்தது. 41 வயதுவரை ஆடினாரே என்று கோச் சொல்லக்கூடும். திரும்பி வந்தவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியும்.

குதிக்கலாம் என்று மருத்துவர் சொன்னபிறகு, வாரம் மூன்று நாள், பயிற்சிக்கு முன் 15 நிமிடம், சரியாகத் தரையிறங்கப் பழக ஒதுக்குங்கள். 20 முதல் 30 செ.மீ. உயரப் பெட்டியிலிருந்து இரண்டு காலிலும் இறங்கட்டும். முன்பாதம் முதலில், பிறகு குதிகால். நாற்காலியில் உட்காரப் போவதுபோல இடுப்பு பின்னால் போகவேண்டும். மூன்று நொடி அசையாமல் நிற்கட்டும். ஐந்து முறை, மூன்று சுற்று. நேர் எதிரே நின்று செல்போனில் படம் எடுங்கள். முட்டி பாதத்துக்கு நேராக நிற்கிறதா, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்கிறதா? சாய்ந்தால் பெட்டி வேண்டாம், தரையிலேயே சின்னக் குதி போதும். காதையும் தீட்டிக்கொள்ளுங்கள், தொப்பென்று கேட்டால் விறைப்பாக இறங்குகிறாள். இது படிந்தபிறகுதான் ஒற்றைக்கால். இடது வலது வித்தியாசம் அதில்தான் வெளியே வரும். அவசரப்பட்டு இரண்டாம் நாளே ஒற்றைக்காலுக்குப் போகாதீர்கள், பெரும்பாலோர் கெடுத்துக்கொள்வது அங்கேதான்.

கோச்சுக்கு இதெல்லாம் தெரியாதா என்பீர்கள். தெரிந்தவர் ஒரு மாத வலியோடு 300 போட விடுவாரா?

பிள்ளையைத் திட்டாதீர்கள். அணியில் இடம் போய்விடும் என்று பல பெண்கள் வலியை மறைப்பார்கள். இவள் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள்.