டிக்கெட்டில் போட்ட மணிக்கணக்கை வெளியே எடுப்பது: கேள்வி பதில்

மாதக் கடைசி வந்தாலே இந்தக் கேள்விகளும் வந்துவிடும். ஐடி டெஸ்க்குக்கு வரும் ஒவ்வொரு வேலையும் ஒரு டிக்கெட், அதில் ஒருவர் உழைத்த நேரத்தைப் போடும் பதிவு ஒர்க்லாக். டிக்கெட் மென்பொருள்களில் எனக்குக் கைவந்தது ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்ட். மற்றதில் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

மாதக்கடைசி: ஜூனில் ஒர்க்லாக் போட்ட டிக்கெட்டுகளை ஜேக்யூஎல்லில் (ஜிராவின் தேடல் மொழி) தேடி, எக்ஸெலில் இறக்கி, செலவான நேரத்தைக் கூட்டினேன். ஆறு பேருக்கு 2,900 மணி நேரம் வருகிறது!

கூட்டல் சரி, தேடல்தான் வேறு. ஜேக்யூஎல் டிக்கெட்டைத்தான் தேடித் தரும். ஜூனில் ஒருவர் பத்து நிமிடம் போட்டிருந்தால் போதும், அந்த டிக்கெட் வந்துவிடும். வரும்போது ஜனவரியிலிருந்து எல்லோரும் போட்ட மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு வரும். உங்களுக்கு வேண்டியது தனித்தனி ஒர்க்லாக். ஒவ்வொன்றிலும் யார் போட்டது, எப்போது தொடங்கியது, எத்தனை விநாடி என்று இருக்கும்.

அதற்கு ஏபிஐதான் வழி, அதாவது ஸ்கிரிப்ட் எழுதி ஜிராவிடமே நேரடியாகத் தரவைக் கேட்பது. ஒரு தேதிக்குப் பிறகு மாறிய ஒர்க்லாக்குகளின் அடையாள எண்களைக் கேளுங்கள். அந்தத் தேதியை 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணிய மில்லிவிநாடியில் கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 1,000 எண் வரும். அந்த எண்களை ஆயிரம் ஆயிரமாகத் திருப்பி அனுப்பினால் முழு விவரம் கிடைக்கும். அதில் ‘தொடங்கிய நேரம்’ ஜூனில் விழுவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் வேலையை ஜூலை 3ஆம் தேதி உட்கார்ந்து போடுகிறவர்களும் இதில் சிக்குவார்கள். அழித்தவற்றுக்குத் தனி அழைப்பு உண்டு, அதையும் கழியுங்கள்.

அப்புறம், எப்போதும் சொல்வதுதான்: மேனேஜருக்கு அனுப்புமுன் ஒரு டிக்கெட்டையாவது திறந்து கையால் கூட்டிப் பாருங்கள்.

புது அட்மின்: ஏபிஐயில் டிக்கெட்டைத் தேடும்போதே ஒர்க்லாக்கையும் சேர்த்துக் கேட்டேன். பெரிய டிக்கெட்டுகளில் மட்டும் குறைகிறது.

தேடலோடு சேர்ந்து வருவது டிக்கெட்டுக்கு 20 ஒர்க்லாக் வரைதான். அதற்கு மேல் இருந்தால் அந்த டிக்கெட்டின் ஒர்க்லாக்கைத் தனியாகக் கேட்க வேண்டும். எந்தப் பிழைச்செய்தியும் வராது, அதுதான் வில்லங்கம்.

நைட் ஷிஃப்ட்: ஜூலை 1 ராத்திரி 2 மணிக்குப் போட்டது ஜூன் கணக்கில் ஏறியிருக்கிறது.

உங்கள் ஸ்கிரிப்ட் யூடிசியில் (உலகப் பொது நேரம்) மாதத்தை வெட்டுகிறது. நமக்கு ஜூலை 1, 2 மணி என்றால் அங்கே ஜூன் 30, இரவு 8.30. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டு அப்புறம் வெட்டுங்கள்.

குழப்பம்: ஒருவர் ‘1 நாள்’ என்று போட்டிருக்கிறார். 24 மணி நேரமா?

வழக்கமான அமைப்பில் 8 மணி நேரம், வாரம் என்றால் 40. அட்மின் இதை மாற்றலாம், ஆனால் உள்ளே இருப்பது விநாடிதான். விநாடியை எடுத்து 3,600ஆல் வகுங்கள். திரையில் தெரியும் ‘நாள்’ எதையும் நம்பாதீர்கள்.

டீம் லீட்: எடுத்துவிட்டேன். ஒருவருக்கு மாதம் 90 மணி நேரம்தான். மற்றவர்களுக்கு 160. அவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம் இல்லையா?

கேட்கலாம். கேட்குமுன் அவருடைய டிக்கெட்டுகளைப் படியுங்கள். நான் இருந்த ஒரு இடத்தில் மிகக் குறைவாகப் போட்டவர்தான் சர்வர் படுத்தால் எல்லோரும் ஓடிப்போய்க் கேட்கிற ஆள். பக்கத்து சீட்டில் நின்று சொல்லிக்கொடுத்த நேரத்தை எந்த டிக்கெட்டில் போடுவார்?

டெஸ்க் ஆள்: குறுக்கே வருகிறேன். எங்களுக்கு 15 நிமிடத்துக்குக் கீழே போடக்கூடாது என்று விதி. பாஸ்வேர்டு ரீசெட் 3 நிமிட வேலை. ஒரு நாளில் இருபது செய்தால் உழைத்தது ஒரு மணி நேரம், கணக்கில் ஐந்து. 160 வருவது இப்படித்தான்.

டீம் லீட்: அப்படியானால் இந்த எண்ணால் என்ன பயன்? கிளையன்ட்டுக்கு இதை வைத்துத்தான் பில் போடுகிறோம்.

டெஸ்க் ஆள் சொன்னது கணக்குப்படி சரி. பில்லுக்கு அந்த எண் செல்லும், ஏனென்றால் 15 நிமிட விதி ஒப்பந்தத்திலேயே இருக்கும். இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆளை எடைபோட அதே எண்ணை எடுத்தால், அடுத்த மாதம் எல்லோரும் 160 போடுவார்கள், 90 போட்டவரும்தான். அதன் பிறகு உங்களிடம் பில்லுக்கும் உருப்படியான எண் இருக்காது.

டீம் லீட்: டிக்கெட் திறந்து மூடிய இடைவெளியை எடுத்தால்?

அது டிக்கெட் காத்திருந்த நேரம். யூசர் ஊருக்குப் போய்விட்டு நான்கு நாள் கழித்துப் பதில் போட்டால் அதுவும் உழைப்பா?

வேறு டூல்: ஓடிஆர்எஸ்ஸில் நேரம் 2.50 என்று இருக்கிறது. மணியா, நிமிடமா?

அதில் இருப்பது வெறும் அலகு. மணியா நிமிடமா என்பது உங்கள் ஆபீஸில் பேசிவைத்ததுதான். பழைய ஆட்களிடம் கேளுங்கள்.

சர்வீஸ்நவ்: வேலை செய்த நேரம் 1970ஆம் வருடத் தேதியாக வருகிறது.

சர்வீஸ்நவ் என்கிற டூல் கால அளவை 1970 ஜனவரி 1, 00:00 மணியிலிருந்து எண்ணி வைக்கிறது. அந்தத் தொடக்கத்தைக் கழித்தால் மிச்சம்தான் நேரம். ஒன்று கவனியுங்கள்: டைமர் போட்டிருந்தால் படிவம் திறந்திருக்கும்வரை ஓடும். டீ குடிக்கப் போனவர் நேரமும் அதில் உண்டு.

அவசரம்: ஜேக்யூஎல்லில் தேடி எக்ஸெலில் கூட்டினேன், மணி நேரம் ரொம்ப அதிகமாக…

முதல் பதிலைப் படியுங்கள்.

இன்னொருவர்: சார், எனக்கும் அதே…

முதல் பதில்.