புது லேப்டாப் கம்பெனி பேர்லயா, என் பேர்லயா? பொண்ணுக்கும் ஒண்ணு சேர்த்து வாங்கலாமா?

கேள்வி: அண்ணா வணக்கம். சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம், ஜோஹன்னஸ்பர்க் வந்து ஒன்பது வருஷம் ஆச்சு, இப்ப மிட்ராண்ட்ல இருக்கோம். அஞ்சு வருஷமா சொந்தமா ஒரு கம்பெனி வச்சு சாஃப்ட்வேர் கான்ட்ராக்ட் பண்றேன், டைரக்டர் நான் ஒருத்தன்தான், வாட் ரிஜிஸ்டர் பண்ணியாச்சு. இப்ப இருக்குற லேப்டாப் கம்பெனி பேர்ல வாங்குனது, நாலு வருஷம் ஓடிருச்சு, புதுசு 34,500 ரேண்ட் சொல்றாங்க. பொண்ணு இந்த வருஷம் விட்ஸ் யுனிவர்சிட்டில சேர்ந்திருக்கா, அவளுக்கும் ஒண்ணு வேணும். ரெண்டையும் கம்பெனி கணக்குல போட்டுடு, கம்பெனியோட வரி வருஷம் பிப்ரவரியோட முடியுது, அதுக்குள்ள வாங்கிடுனு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. செய்யலாமா?

பதில்: தம்பி, உங்க லேப்டாப்ப கம்பெனி பேர்ல வாங்குங்க, பொண்ணோடத வாங்காதீங்க. ஏன்னு சொல்றேன், ஏன்னா காரணம் தெரியாம செஞ்சா அடுத்த தடவை ஃப்ரிட்ஜையும் கம்பெனி கணக்குல போட யாராவது சொல்லுவாங்க.

முதல்ல உங்களோடது. 34,500ல 15 சதவீத வாட் உள்ள இருக்கு, அதாவது 4,500 ரேண்ட். நீங்க வாட் வெண்டர், வேலைக்குத்தான் மெஷின், அதனால அந்த 4,500 அடுத்த வாட் ரிட்டர்ன்லயே திரும்ப வந்துரும். மீதி 30,000. இதை ஒரே வருஷத்துல செலவா எழுத முடியாது, கம்ப்யூட்டருக்கு சார்ஸ் (இங்கத்த வரித்துறை) ஒத்துக்குற தேய்மான காலம் 3 வருஷம், வருஷத்துக்கு 10,000. கம்பெனி வரி 27 சதவீதம், அப்ப வருஷத்துக்கு 2,700, மொத்தம் 8,100 மிச்சம். ஆக 34,500 மெஷின் கம்பெனிக்கு 21,900ல முடியுது.

இதையே உங்க சொந்தக் காசுல வாங்குனா? இங்கதான் நிறைய பேர் கணக்கு தப்பா போடுறாங்க. உங்க கையில இருக்குற காசு ஏற்கனவே வரி கட்டுன காசு தம்பி, கம்பெனி அக்கவுண்ட்ல இருக்குறது இன்னும் உங்க கைக்கே வரல. நீங்க 36 சதவீத ஸ்லாப்ல இருக்கீங்கனு வச்சுக்குவோம், 34,500 கையில வரணும்னா கம்பெனி சம்பளமா கிட்டத்தட்ட 53,900 போட்டாகணும், அந்த சம்பளத்துக்கு கம்பெனிக்கு 27 சதவீதம் வரி குறையுது, சரி, அப்படியும் கம்பெனிக்கு ஆகுற செலவு 39,350 பக்கம் நிக்குது. 21,900 எங்க, 39,350 எங்க!

நேர்மையா இன்னொரு பக்கமும் சொல்லணும். சம்பளக்காரனும் சொந்த லேப்டாப்ல வேலை பார்த்தா, வேலைக்கு ஓடுற பங்குக்கு தேய்மானம் கேக்கலாம், வீட்டு ஆபீஸ் ரூமுக்கான கழிவு கிடைக்காதவங்களுக்கும் இது உண்டு. 70 சதவீதம் வேலைக்குனு வச்சா, 34,500ஐ மூணு வருஷத்துக்குப் பிரிச்சா வருஷம் 11,500, அதுல 70 சதவீதம் 8,050, அதுல 36 சதவீதம் 2,898, மூணு வருஷத்துக்கு 8,694. இதை வாசிக்கிற மத்தவங்க, ஆபீஸ்ல மெஷின் குடுக்காம சொந்த மெஷின்ல வேலை பாக்குறவங்க, கம்பெனிகிட்ட அதுக்கு ஒரு லெட்டர் வாங்கி வச்சுக்கங்க, சார்ஸ் கேக்கும். ஆனா உங்களுக்கு அதை சேர்த்துப் பார்த்தாலும் கம்பெனி வழிதான் எட்டாயிரம் ஒன்பதாயிரம் ரேண்ட் லாபம்.

சாயங்காலம் வீட்ல அதுலயே படம் பாக்குறது, ஊருக்கு வீடியோ கால் போடுறது எல்லாம்? பரவால்ல. கம்ப்யூட்டர் பெரும்பாலும் கம்பெனி வேலைக்கு ஓடுற வரைக்கும் உங்க சொந்த உபயோகத்த சம்பளத்தோட சேர்க்குற சலுகையா கணக்கு பண்ண மாட்டாங்க, சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு.

பிப்ரவரி விஷயம். இதை கேட்டு கேட்டு எனக்கு வருத்தமா இருக்கு, ஒவ்வொரு வருஷமும் கடைசி வாரத்துல அவசர அவசரமா கார்ட தேய்ச்சுட்டு வந்து நிக்குறாங்க. தேய்மானத்த மாசக் கணக்குலதான் பிரிக்கணும். 25ஆம் தேதி வாங்குனா அந்த வருஷத்துக்கு உங்களுக்கு கிடைக்குறது ஒரு மாசம், 30,000ல 36ல ஒரு பங்கு, 833 ரேண்ட், வரில மிச்சம் 225 ரேண்ட். 225 ரேண்டுக்காக ஓடாதீங்க. தள்ளுபடி எப்ப வருதோ அப்ப வாங்குங்க, அதுலயே இதவிட அதிகம் மிச்சமாகும். விதிவிலக்கு ஒண்ணு உண்டு: 7,000 ரேண்டுக்குக் கீழ இருக்குற, தனியா இயங்குற, எந்த செட்லயும் சேராத பொருளை அந்த வருஷமே முழுசா எழுதிடலாம், பிரிண்டர் மாதிரி. அத வேணா பிப்ரவரிக்குள்ள வாங்குங்க, ஏற்கனவே தேவை இருந்தா மட்டும்.

இப்ப நான் உங்ககிட்ட கேக்க வேண்டிய கேள்வி. உங்க வருமானத்துல 80 சதவீதத்துக்கு மேல ஒரே க்ளையன்ட்கிட்ட இருந்து வருதா? இல்ல பெரும்பாலும் அவங்க ஆபீஸ்லயே உக்காந்து அவங்க மேற்பார்வைல வேலையா? அப்படி இருந்து, உறவுக்காரங்க இல்லாத முழுநேர ஊழியர் மூணு பேர் உங்ககிட்ட இல்லேன்னா, சார்ஸ் உங்க கம்பெனிய தனிநபர் சேவை கம்பெனினு எடுத்துக்கும், க்ளையன்டே 27 சதவீதம் வரியா பிடிச்சுட்டுதான் பணம் குடுக்கணும், செலவுக் கழிவும் நிறைய வெட்டுப்படும். மேல போட்ட கணக்கு அப்ப அப்படியே நிக்காது. சின்ன கம்பெனி சலுகைல முதல் வருஷமே பாதி விலைய எழுதலாம்னும் யாராவது சொல்லிருப்பாங்க, ஐடி வேலைய முதலாளி ஒருத்தரே பண்ற கம்பெனிக்கு பொதுவா அது கிடைக்காது. லேப்டாப் வாங்குறதுக்கு முன்னாடி அக்கவுண்டன்ட்கிட்ட இத ஒண்ணத் தெளிவு பண்ணிக்கங்க, லேப்டாப்பவிட இது பெரிய விஷயம்.

கடைல பில் போடும்போது கவனம். 5,000 ரேண்டுக்கு மேல போனா முழு டாக்ஸ் இன்வாய்ஸ் வேணும், அதுல கம்பெனி பேர், அட்ரஸ், கம்பெனியோட வாட் நம்பர் இருக்கணும். நான் ஒரு தடவை ஒரு பெரிய கடைல ஆபீஸுக்கு மெஷின் வாங்கி, கவுன்டர்ல குடுத்த சின்ன சீட்டை மட்டும் மடிச்சு பர்ஸ்ல வச்சுட்டு வந்துட்டேன். எட்டு மாசம் கழிச்சு சார்ஸ்ல இருந்து வெரிஃபிகேஷன் லெட்டர், பேப்பர் எல்லாம் அனுப்புனு. சீட்டை எடுத்தா வெளுத்துப் போய் கிடக்கு, ட்யூப்லைட்டுக்கு நேரா சாய்ச்சு பிடிச்சா "கேஷ் சேல்"னு ஒரு வரி மங்கலா தெரியுது, என் கம்பெனி பேரே இல்ல. கடைக்கு ரெண்டு தடவை போனேன், பழைய பில்ல மாத்தித் தர முடியாதுனுட்டாங்க, வாட் பணம் போச்சு. அதனால கவுன்டர்லயே நின்னு பேர் சரியா இருக்கானு படிங்க, போட்டோ எடுத்து அன்னைக்கே ஈமெயில்ல போட்டு வைங்க. கம்பெனி கார்ட் கைல இல்லாம சொந்த கார்ட்ல கட்டுனாலும் பரவால்ல, இன்வாய்ஸ் கம்பெனி பேர்ல இருந்தா உங்க லோன் அக்கவுண்ட்ல, அதாவது கம்பெனி உங்களுக்குத் தர வேண்டிய பணமா, வரவு வச்சு அப்புறம் எடுத்துக்கலாம்.

இன்சூரன்ஸும் மறக்காதீங்க. மெஷின் கம்பெனியோடதுனா கம்பெனி பாலிசில சேரணும், உங்க வீட்டு பாலிசில க்ளெய்ம் போட்டா யாரோட பொருள்னு கேள்வி வரும். மால் பார்க்கிங்ல ரிமோட்ட ஜாம் பண்ணி, கார பூட்டவிடாம செஞ்சு உள்ள இருக்குறத எடுத்துட்டுப் போறது இங்க சகஜம், கதவு உடைஞ்ச அடையாளம் இல்லேன்னா பணம் தர மாட்டோம்னு சில பாலிசில போட்டிருக்கும், அந்தப் பக்கத்த படிச்சுப் பாருங்க.

பொண்ணுக்கு வருவோம். அவ படிப்புக்கும் உங்க கம்பெனி வருமானத்துக்கும் சம்பந்தம் இல்ல, அது தொழில் செலவு ஆகாது, வாட்டும் கேக்க முடியாது. ரெண்டு மெஷின், டைரக்டர் ஒருத்தர், ஊழியர் யாரும் இல்ல, பார்த்த உடனே கேப்பாங்க. மாட்டுவோமா மாட்டமாட்டோமாங்கறது ஒரு பக்கம், உங்க வேலைக்கான நியாயமான கழிவையும் சேர்த்து சந்தேகத்துல நிறுத்திடும் அது.

ஆனா வழி இருக்கு. பழைய மெஷின் நாலு வருஷம் ஆச்சுல, கணக்குல அதோட மதிப்பு இப்ப பூஜ்ஜியம். அதே மாடல் பழசு வெளில என்ன விலை போகுதுனு பாருங்க, வாட் சேர்த்து 5,750னு வச்சுக்குவோம், அந்தப் பணத்த உங்க சொந்த அக்கவுண்ட்ல இருந்து கம்பெனிக்கு கட்டி, கம்பெனி உங்களுக்கு இன்வாய்ஸ் போடட்டும். கம்பெனி அதுல 750 வாட் கட்டும், மீதி 5,000 வருமானமா சேரும், அதுக்கு வரி 1,350. சும்மா தூக்கிக் குடுத்தா அது உங்களுக்கு கம்பெனி குடுத்த சலுகையாகி வேற சிக்கல். முதல் வருஷ அசைன்மென்ட் அடிக்க ஃபேன க்ளீன் பண்ணி புது பேட்டரி போட்டா அந்த மெஷின் தாராளமா போதும்.

குடுக்குறதுக்கு முன்னாடி டிஸ்க்க முழுசா அழிச்சுட்டு விண்டோஸ புதுசா ஏத்துங்க. உங்க க்ளையன்ட்டோட கஸ்டமர் விவரம் எதாவது அதுல கிடக்கும், 2021 ஜூலைல இருந்து தனிநபர் தகவல் சட்டம் இங்க முழுசா நடைமுறைல இருக்கு, பொறுப்பு உங்க கம்பெனி மேலதான். ஃபைல டெலீட் பண்ணா மட்டும் பத்தாது, என்க்ரிப்ட் பண்ணிட்டு அப்புறம் ரீசெட் குடுங்க, ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும்.