இயந்திரம் செய்யும் கேட்டுக்கு மனிதன் எப்படிப் பொறுப்பாவான்?

சேலத்துச் சேகோ ஆலைகளையே, அதாவது ஜவ்வரிசி ஆலைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவி அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தேக்குவார்கள். மாவு அடியில் படிந்ததும் மேலே நிற்கும் நீரை வடித்துவிடுவார்கள். புளித்த வாடை மூக்கைத் துளைக்கும். அந்த நீரை அப்படியே ஏரியில் விட்டால், கரைந்திருக்கும் மாவைத் தின்று பெருகும் நுண்ணுயிரிகள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். அதே நீரை மூடிய கலனில் நொதிக்கவிட்டால் மீத்தேன் எரிவாயு கிடைக்கும். அந்த ஆலையையே ஓட்ட அது உதவும். பல ஆலைகள் இதைச் செய்கின்றன.

இயந்திரம் ஒன்றுதான். கழிவை எங்கே விடுவது என்று முடிவெடுப்பவர் மனிதர். மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று, தமிழகத் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

முதலாளியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் எனக்கு உடன்பாடில்லை. கண்காணிக்க வேண்டிய அதிகாரிக்கும் பங்குண்டு. பளிச்சென்று வெளுத்த ஜவ்வரிசியைத் தேடி வாங்குகிறோமே, வெளுப்பூட்டும் ரசாயனம் ஆலைக்குள் நுழைவது அதனால்தான். சற்றே மங்கிய ஜவ்வரிசியைக் கேட்டு வாங்குங்கள். பாயசத்தின் ருசி குறையாது.