எலும்புக்கூடு வேண்டாம்: எச்.ஐ.வி பற்றித் திருமலை இளைஞர்களின் கேள்விகள்

திருகோணமலையில் இளைஞர் குழுக்களுக்கு எச்.ஐ.வி பற்றிப் பயிற்சி கொடுப்பது பல வருடமாக என் வேலை. நான் டாக்டர் இல்லை, அதனால் புண், சொறி போட்டோக்களை எனக்கு அனுப்பாதீர்கள். பெயர் போடாமல் கேட்கலாம். கேட்பதற்கு முன் ஒன்று: இரத்ததானம் என்பது எச்.ஐ.வி டெஸ்ட் இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உப்புவெளியில் பத்துப் பேர் சேர்ந்து குழு தொடங்கியிருக்கிறோம். உலக எயிட்ஸ் தினமான டிசம்பர் 1 இல் ஊர்வலம் போகப் போகிறோம். வேறு என்ன செய்யலாம் அக்கா?

ஊர்வலம் போங்கள், சிவப்பு ரிப்பனும் குத்துங்கள். டிசம்பர் 2 ஆம் திகதி என்ன செய்வீர்கள் என்பதுதான் என் கேள்வி.

ஒரு பயிற்சியில் பின்வரிசையில் ஒரு தம்பி இருந்தார். இரண்டு நாளும் வாயே திறக்கவில்லை. சில வாரம் கழித்துப் போன் எடுத்தார். "அக்கா, கிளினிக் எத்தனை மணிக்குத் திறக்கும்?" யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகொரு நாள் வேறு அலுவலாக அந்தப் பக்கம் போனேன். வெளி வாங்கில் இரண்டு ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தனியே இருந்தார். என்னைக் கண்டதும் குனிந்து போனைப் பார்த்தார். நானும் காணாத மாதிரி நடந்துவிட்டேன். இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் கதைத்ததில்லை. என் கணக்கில் அந்தக் குழுவின் தலைவர் அவர்தான், மைக் பிடித்தவர் இல்லை.

உங்கள் பத்துப் பேருக்கும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டியவை மூன்று. தொற்றியிருக்கலாம் என்று பயப்படும்படி ஏதும் நடந்தால் 72 மணித்தியாலத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும், எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. அந்த மருந்தை 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் டெஸ்ட் உறுதியாகச் சொல்ல, அது நடந்த நாளிலிருந்து 90 நாள் வரை செல்லலாம். நண்பன் இரவு 11 மணிக்கு அழுதுகொண்டு வந்தால் உதவுவது இந்த மூன்றுதான், சுலோகம் இல்லை.

நுளம்பு கடித்தால் தொற்றுமா?

இல்லை. டெங்கு நுளம்பின் உடம்பில் பெருகும். எச்.ஐ.வி அங்கே பெருகாது, சமித்துப் போய்விடும். அதோடு நுளம்பு நமக்குள் விடுவது தன் எச்சிலைத்தான், முன்பு குடித்த ஆளின் இரத்தத்தை இல்லை.

சலூனில் பிளேட்?

புது பிளேட்டைக் கண்முன்னே முறித்துக் கத்தியில் போடச் சொல்லுங்கள். முக்கியமாக மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்காக.

ஒரே கோப்பையில் சாப்பிட்டால்? கட்டிப்பிடித்தால்? கிணற்றில் குளித்தால்?

இல்லை. இல்லை. இல்லை.

கிண்ணியாவிலிருந்து. கர்ப்பிணித் தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் கட்டாயம் வருமா சகோதரி?

கட்டாயமில்லை. மருந்தே எடுக்காவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 வரை வாய்ப்பு. ஒழுங்காக மருந்து எடுத்தால் 5 இற்கும் கீழ். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வியும் சிபிலிஸ் என்ற பாலியல் நோயும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. கர்ப்பிணிகளின் கிளினிக்கில் இரத்தம் எடுக்கும்போது "எனக்கெதற்கு இது" என்று முகத்தைச் சுளிக்காத தாய்மாருக்கும் அதில் பங்குண்டு.

நான் பாடசாலை நாடகக் குழு. கடைசிக் காட்சியில் எயிட்ஸ் வந்தவன் எலும்புக்கூடு உடையில் வந்து விழுந்து சாவான். ஏதாவது திருத்தம் சொல்லுங்கள் அக்கா.

கடைசிக் காட்சியைத் தூக்குங்கள்.

(அதே தம்பி) பயம் காட்டாவிட்டால் சனம் கேட்காது. சிகரெட் பெட்டியில் புற்றுநோய்ப் படம் போடவில்லையா?

நல்ல கேள்வி, ஆனால் கணக்குப் பிழை. பெட்டியில் உள்ள படம் ஒரு பொருளைப் பார்த்துப் பயப்பட வைக்கிறது. உங்கள் எலும்புக்கூடு ஒரு ஆளைப் பார்த்துப் பயப்பட வைக்கிறது. அந்த ஆள் உங்கள் மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் இருக்கலாம். மருந்து ஒழுங்காக எடுப்பவர் எலும்புக்கூடாவதில்லை தம்பி. வேலைக்குப் போகிறார், கல்யாணம் கட்டுகிறார். இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே இருந்தால் உடலுறவு மூலம் அவரிடமிருந்து பரவாது. ஐரோப்பாவில் ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 782 ஆண் சோடிகளைப் பின்தொடர்ந்து 2019 இல் வெளியிட்ட ஆய்வில், ஆணுறை இல்லாத உறவிலும் அந்தத் துணையிடமிருந்து தொற்றியது ஒருவருக்கும் இல்லை.

(ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்) மகள், பயம் போனால் ஒழுக்கமும் போய்விடும்.

ஐயா, மன்னியுங்கள். பயந்தவன் ஒழுக்கமாக இருக்கிறானோ தெரியாது, டெஸ்ட் செய்யாமல் இருக்கிறான் என்பது தெரியும். 2016 இல் குளியாப்பிட்டியில் ஒரு சின்னப் பிள்ளைக்கு எச்.ஐ.வி என்று வதந்தி கிளப்பி, மற்றப் பெற்றோர் அவனைப் பாடசாலைக்கு வரவிடாமல் நின்றார்களே. அவர்களுக்கும் பயம்தான் இருந்தது.

(ஒரு தங்கச்சி) நான் அந்த நாடகம் பார்த்தேன். எலும்புக்கூடு விழும்போது பின்னால் எல்லாரும் சிரித்தார்கள்.

கேட்டீர்களா நாடகக்காரத் தம்பி?

(அதே தம்பி) அப்போ ஹீரோவே இல்லாமல் எப்படி நாடகம் போடுவது?

ஹீரோ வேண்டுமென்றால் தென்னாபிரிக்காவின் நிகோசி ஜோன்சனைப் பாருங்கள். தொற்றோடு பிறந்த பிள்ளை. 2000 இல் டர்பன் எயிட்ஸ் மாநாட்டு மேடையில், 11 வயதில், எங்களைக் கவனியுங்கள், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பேசினான். அடுத்த வருடம் இறந்துவிட்டான். அவன் நாட்டில் ஏழைக்கு அப்போது மருந்து எட்டவில்லை. சாவுதான் வேண்டுமென்றால் அதைக் காட்டுங்கள், ஏன் செத்தான் என்பதோடு. இல்லையென்றால் வாங்கில் ஹெல்மெட்டோடு இருந்த தம்பியைப் போடுங்கள், வசனமே தேவையில்லை.

நுளம்பு...

மேலே வாசியுங்கள்.

இரத்ததான முகாமில் கொடுத்தால் எப்படியும் செக் பண்ணுவார்கள்தானே? கிளினிக் போகும் வெட்கமும் இல்லை.

இதற்குத்தான் காத்திருந்தேன். செய்யாதீர்கள். தொற்றிய புதிதில் டெஸ்டில் காட்டாது, ஆனால் அந்த இரத்தம் இன்னொருவருக்குத் தொற்றும். உங்கள் வெட்கத்துக்கு விபத்தில் அடிபட்ட யாரோ ஒருவர் விலை கொடுப்பதா?

நுளம்பு கடித்து இரத்தம் வந்தால்?

தம்பிமாரே, நுளம்பு வலை வாங்குங்கள். டெங்குக்கு.

நாளைக்கு டெஸ்டுக்குப் போக நினைக்கிறேன். ஆனால் மாமி அந்த ஆசுபத்திரியில்தான் வேலை. கண்டால் வீடு முழுக்கத் தெரிந்துவிடும்.

திருமலை சின்ன ஊர், உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. பாலியல் நோய் கிளினிக்கில் டெஸ்டும் இலவசம், தேவைப்பட்டால் சிகிச்சையும் இலவசம். டாக்டரின் கடிதம் தேவையில்லை. பெயரைக் கூவாமல் இலக்கம் தருவார்கள். உங்கள் மாவட்டக் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும் என்று சட்டமும் இல்லை. மட்டக்களப்புக்குப் போகலாம், கொழும்பென்றால் டி சேரம் பிளேஸில் உள்ள மத்திய கிளினிக்குக்குப் போகலாம். தனியே போகப் பயமென்றால் வாய் இறுக்கமான ஒரு நண்பரைக் கூட்டிப் போங்கள்.

உள்ளூரிலேயே போவதென்றால் வீட்டில் பல்லு வலி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மாமி நேரே பல் கிளினிக்குக்குப் போய் விசாரிப்பா.