டேலி பாஸ்வேர்டு தொலைந்தால்: வணிகக் கணக்கு கேள்வி பதில்

கே: அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை நடத்துகிறோம். கணக்குப் பார்த்தவர் திடீரென்று நின்றுவிட்டார், போன் எடுப்பதில்லை. டேலிபிரைம் கணக்கு மென்பொருளின் அட்மின் பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். ரிச்சி தெருவில் ஒருவர், மூவாயிரம் கொடுத்தால் உடைத்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

ப: பணத்தை எடுப்பதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, டேலி டேட்டா ஃபோல்டரை முழுசாக ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். யாரும் மாற்றாமல் இருந்தால் அது சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் டேலிபிரைம் என்ற வரிசையில் இருக்கும். உள்ளே 10000 போன்ற எண் போட்ட ஃபோல்டர் ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. இனிமேல் எந்த முயற்சியானாலும் நகலில்தான், அசலில் கை வைக்கக் கூடாது.

இரண்டாவது, பூட்டு எது என்று பாருங்கள். கம்பெனிப் பட்டியலில் உங்கள் பெயர் தெரிந்து, அதைத் தேர்ந்தெடுத்த பிறகு யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்டால் அது பயனர் பூட்டு. பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறிகள் வரிசையாக நின்றால் அது டேலிவால்ட். லைசென்ஸுக்கான டேலி.நெட் ஐடி என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அதைப் பதிவு செய்த மெயில் வழியாக மாற்றிக்கொள்ளலாம், கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வால்ட் என்றால் பாஸ்வேர்டு இல்லாமல் படிக்கவே முடியாதபடி டேட்டாவே குறியாக்கம் ஆகியிருக்கிறது. பாஸ்வேர்டு எங்கேயும் சேமிக்கப்படுவதில்லை. தயாரித்த நிறுவனத்தாலேயே திறக்க முடியாததை மூவாயிரத்துக்குத் திறந்து தருகிறேன் என்பவர், பெரும்பாலும் அட்வான்ஸோடு நின்றுவிடுவார்.

பயனர் பூட்டு என்றால் வழி இருக்கிறது. அந்தப் பாஸ்வேர்டு போடுவதற்கு முன் எடுத்த பேக்கப் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஆடிட்டர் ஆபீஸில் கேளுங்கள். போன வருட ஆடிட்டுக்குக் கொடுத்த டேட்டா அவர் கம்ப்யூட்டரில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பேக்கப்பை ரீஸ்டோர் செய்யும்போது புது ஃபோல்டர் ஒன்றைக் காட்டுங்கள். பழைய இடத்தையே காட்டினால் இருப்பதும் மேலெழுதப்பட்டுப் போகும். எதுவும் கிடைக்காவிட்டால் லெட்டர்ஹெட் கடிதம், லைசென்ஸ் சீரியல் எண், ஜிஎஸ்டி சான்றிதழ், பான் கார்டு ஆகியவற்றோடு உங்களுக்கு டேலி விற்ற பார்ட்னரிடம் போங்கள்.

உடைத்துத் தரும் ஆட்கள் டேட்டா ஃபைலுக்குள் நேரடியாகக் கை வைக்கிறார்கள். அந்த ஃபைல்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. அன்றைக்குத் திறந்துகொள்ளும். பிறகு ஒருநாள் லெட்ஜரைத் திறக்கும்போது 'மெமரி அக்ஸஸ் வயலேஷன்' என்று திரை நிற்கும். அதோடு உங்கள் பார்ட்டி பட்டியலும் விலையும் வேறொருவர் பென்டிரைவில் போய்விட்டிருக்கும்.

நின்றுபோனவருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதமும் அனுப்புங்கள். உரிமை உள்ளவரைக் கம்ப்யூட்டருக்குள் நுழைய விடாமல் தடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43(எஃப்)-இன் கீழ் வரும். மோசடி எண்ணம் இருந்தால் பிரிவு 66-இன்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மிரட்டலாக இல்லாமல் அமைதியான தொனியில் எழுதினாலே பல பேர் பாஸ்வேர்டைச் சொல்லிவிடுவார்கள். சம்பள பாக்கி இருந்தால் அதை முதலில் தீருங்கள்.

கே: தி.நகரில் ஜவுளிக்கடை. பாஸ்வேர்டு மறந்துவிட்டது, ஆனால் ஒரு சிஸ்டத்தில் டேலி அட்மின் லாகினில் இன்னும் திறந்தே இருக்கிறது.

ப: மூடாதீர்கள். யுபிஎஸ் பேட்டரி நிற்குமா என்று பாருங்கள், விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வையுங்கள்.

இப்போது பேக்கப் எடுத்தால் பூட்டும் கூடவே போகும், ஆகவே எக்ஸ்போர்ட்தான் வழி. ஆல்ட்+இ அழுத்தி மாஸ்டர்ஸ் (லெட்ஜர், சரக்கு போன்ற அடிப்படைப் பட்டியல்கள்) அனைத்தையும் எக்ஸ்எம்எல் வடிவில் எடுங்கள். 'குளோசிங் பேலன்ஸை ஓப்பனிங்காக எக்ஸ்போர்ட் செய்' என்ற விருப்பத்துக்கு 'இல்லை' கொடுங்கள். 'ஆம்' என்றால் பின்னால் வவுச்சர்களும், அதாவது ஒவ்வொரு வரவு செலவுப் பதிவும், ஏறும்போது பாக்கி இரட்டிக்கும். அடுத்து டே புக், அதாவது தேதிவாரி வவுச்சர் பட்டியல். அது கடைசித் தேதியை மட்டும் காட்டும், பலர் இதைக் கவனிக்காமல் ஒருநாள் வவுச்சரோடு திருப்திப்பட்டுவிடுகிறார்கள். ஆல்ட்+எஃப்2 அழுத்தி கணக்கு தொடங்கிய தேதியிலிருந்து இன்று வரை வைத்து, அதையும் எக்ஸ்எம்எல்லாக எடுங்கள். எல்லா லெட்ஜர் பாக்கியையும் காட்டும் ட்ரையல் பேலன்ஸை பிடிஎஃப் ஆக வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக் கம்பெனி உருவாக்கி, எஃப்11-இல் ஜிஎஸ்டி, பில்வாரி விவரம், கோடவுன் எல்லாம் பழையதில் இருந்தபடியே ஆன் செய்யுங்கள். ஆல்ட்+ஓ வழியாக முதலில் மாஸ்டர்ஸ், பிறகு வவுச்சர். வரிசை மாறினால் 'லெட்ஜர் இல்லை' என்று வவுச்சர்கள் தள்ளப்படும். ட்ரையல் பேலன்ஸ் இரண்டும் ஒரே தொகை காட்டும் வரை பழைய சிஸ்டத்தை அணைக்க வேண்டாம்.

கே: ஜிஎஸ்டி தளத்தில் பதிவான மொபைலும் மெயிலும் பழைய கணக்காளருடையவை. ஓடிபி அவருக்குத்தான் போகிறது.

ப: உங்கள் எல்லைக்குரிய வரி அதிகாரியிடம் நேரில் போக வேண்டும். மாநில வணிக வரித்துறையா மத்திய ஜிஎஸ்டியா, எந்த சர்க்கிள் என்பதெல்லாம் ஜிஎஸ்டி தளத்தில் 'சர்ச் டாக்ஸ்பேயர்' பகுதியில் உங்கள் எண்ணைப் போட்டால் தெரியும். சென்னையில் பக்கத்துத் தெருக் கடைக்குக் கூட அதிகாரி வேறாக இருக்கலாம், அதனால் வணிக வரித்துறைத் தலைமையகம் இருக்கும் எழிலகத்துக்கு நேராக ஆட்டோ பிடிக்காதீர்கள். தொழிலின் உரிமையை நிரூபிக்கும் ஆவணமும் அடையாள அட்டையும் கொண்டுபோங்கள். அதிகாரி சரிபார்த்துப் புது மெயிலையும் மொபைலையும் பதிவார். அந்த மெயிலுக்கு யூசர்நேமும் தற்காலிக பாஸ்வேர்டும் வரும். அதை வைத்து 'ஃபர்ஸ்ட் டைம் லாகின்' பகுதியில் நுழைந்து புதிதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கே: ஸோஹோ புக்ஸில் இதே சிக்கல் வருமா?

ப: கணக்கு மேகத்தில் இருப்பதால் 'ஃபர்காட் பாஸ்வேர்டு' போதும், கணக்கைத் தொடங்கிய மெயில் உங்கள் கையில் இருந்தால். கணக்காளரின் சொந்த ஜிமெயிலில் தொடங்கியிருந்தால், இன்றே கம்பெனி மெயிலை இன்னொரு அட்மினாகச் சேருங்கள்.

கே: வால்ட்தான். பேக்கப்பும் இல்லை. என்ன செய்வது?

ப: ஒரு வாய்ப்பு பாக்கி இருக்கிறது. பழைய டேலி.இஆர்பி 9-இல் வால்ட் போட்டிருந்தால், பூட்டிய நகல் புது எண் ஃபோல்டரில் உருவாகியிருக்கும். பூட்டாத அசல் பழைய எண்ணிலேயே கிடக்கும். யாரும் அழிக்காவிட்டால் வால்ட் போட்ட நாள் வரையிலான கணக்கு அதில் கிடைக்கும்.

அதுவும் இல்லையென்றால் திரும்ப எழுத வேண்டியதுதான். ஆடிட் ஆன கடைசி பேலன்ஸ் ஷீட்டிலிருந்து ஓப்பனிங் பேலன்ஸ், ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் கொள்முதலைக் காட்டும் ஜிஎஸ்டிஆர் 2பி-யிலிருந்து கொள்முதல், நீங்கள் தாக்கல் செய்த விற்பனைப் படிவமான ஜிஎஸ்டிஆர் 1-லிருந்து விற்பனை, பேங்க் ஸ்டேட்மென்ட்டிலிருந்து வரவு செலவு. பார்ட்டிகளிடம் லெட்ஜர் நகல் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். இதில் ஓட்டை விழும் இடம் ஸ்டாக். ஜிஎஸ்டிஆர் 1-இல் வரி விகித வாரியாகத் தொகை இருக்குமே ஒழிய, எந்தச் சரக்கு எத்தனை என்று இருக்காது. எச்எஸ்என் (சரக்கு வகைக் குறியீடு) சுருக்கம் மட்டும் ஓரளவு உதவும். சில்லறை விற்பனையில் பில்வாரி விவரமும் கிடைக்காது, வெளிமாநிலத்துக்கு 1 லட்சத்துக்கு மேல் போன பில்களைத் தவிர. அதனால் கடையில் கிடக்கும் கார்பன் நகல் பில்புக்கைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள், சரக்கை ஒருநாள் உட்கார்ந்து எண்ணுங்கள்.