தாயக்கட்டையிலிருந்து தொடங்குங்கள்

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “பி.காம். முடித்திருக்கிறேன், கோடிங் சுத்தமாகத் தெரியாது. சனிக்கிழமை தோறும் நண்பன் வீட்டு மொட்டைமாடியில் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக நடிக்கிற விளையாட்டை ஆடுகிறோம். கணக்குப் போட்டே பாதி நேரம் போய்விடுகிறது. அந்த விதிகளை நானே புரோகிராமாக எழுத ஆசை. எந்த மொழி, எங்கே தொடங்குவது?”

மொழிப் பஞ்சாயத்தை முதலில் முடித்துவிடுவோம். பைத்தான். இந்த மாதிரி ஆட்டங்களைக் கணினியில் ஆட உதவும் ஃபவுண்ட்ரியில் ஓட வேண்டுமென்றால் ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும், அதே வகைத் தளமான ரோல்20-இல் கேரக்டர் ஷீட் (கதாபாத்திரத்தின் விவரத் தாள்) செய்ய எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் வேண்டும், அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். லேப்டாப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பைத்தானை இணையத்திலேயே எழுதி ஓட்ட உதவும் கூகுள் கொலாப் போன் பிரவுசரிலேயே ஓடும்.

அடுத்தது, அந்தத் தடித்த விதிப்புத்தகத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். வீட்டுப் பரணில் பித்தளைத் தாயக்கட்டை கிடக்கும், அதை எடுங்கள். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: வெறுமை, 1, 2, 3. இரண்டையும் கூட்ட வேண்டும், இரண்டுமே வெறுமையாக விழுந்தால் பூஜ்யம் இல்லை, பன்னிரண்டு. தாயம், அதாவது 1, விழுந்தால்தான் காய் இறங்கும். 1, 5, 6, 12 விழுந்தால் இன்னொரு தரம் உருட்டலாம். இவ்வளவையும் பைத்தானில் எழுத ஏழெட்டு வரி போதும், அதற்குள்ளேயே எதேச்சை எண், கூட்டல், ‘இப்படி இருந்தால் அப்படிச் செய்’ என்ற நிபந்தனை, திரும்பத் திரும்ப ஓடும் லூப் எல்லாம் வந்துவிடுகின்றன.

எழுதியதும் 16,000 தரம் உருட்டச் சொல்லிப் பாருங்கள். இரண்டு கட்டையும் விழக்கூடிய விதம் மொத்தம் 16, அதில் தாயம் விழும் விதம் 2, பன்னிரண்டு விழும் விதம் 1. ஆக தாயம் ஏறக்குறைய 2,000 தரமும் பன்னிரண்டு 1,000 தரமும் வர வேண்டும். பூஜ்யம் என்று ஒன்று தலைகாட்டினால் எங்கே கோட்டை விட்டீர்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் இதிலேயே பிடிபடும். மேலூரில் என் அத்தை வீட்டில் காயை வெட்டினால் கூடுதலாக ஒரு ஆட்டம், எங்கள் வீட்டில் அது கிடையாது. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறுகிற சங்கதிகளைக் கோடுக்குள் ஆங்காங்கே புதைக்காமல், மேலே ஒரே இடத்தில் தனியாக வைத்துவிடுங்கள்:

மறு_ஆட்டம் = [1, 5, 6, 12]

ஆமாம், பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும். உங்கள் மொட்டைமாடியிலும் நீங்களே சேர்த்துக்கொண்ட விதி நாலு இருக்கும்தானே, அதற்கும் இதே வழிதான்.

இப்போது புத்தகத்தைத் திறக்கலாம், ஆனால் ஒரே ஒரு விதிக்கு மட்டும்: இருபது பக்கப் பகடையை உருட்டி, திருத்தத்தை (மாடிஃபையர்) கூட்டி, இலக்கை எட்டினால் வெற்றி. அந்தத் திருத்தம் கதாபாத்திரத்தின் வலிமை போன்ற திறன் மதிப்பிலிருந்து வருகிறது, 10-ஐக் கழித்து இரண்டால் வகுத்து, பின்னம் வந்தால் கீழே இறக்க வேண்டும்:

திருத்தம் = (மதிப்பு - 10) // 2

அந்த இரட்டைச் சாய்கோட்டில்தான் நான் சறுக்கினேன். ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்து, ‘இன்ட்’ போட்டு முழு எண்ணாக்கியிருந்தேன். 14 மதிப்புக்கு +2, 15-க்கும் +2, எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது. வலிமை 7 உள்ள மந்திரவாதிக்கு −1.5 வந்து, இன்ட் அதன் வாலை மட்டும் வெட்டி −1 ஆக்கிவிட்டது, உண்மையில் −2 வர வேண்டும். மூன்று வாரம் அந்த நோஞ்சான் மந்திரவாதி கதவை உடைத்துக்கொண்டிருந்தான், ஒருத்தருக்கும் சந்தேகமே வரவில்லை. அதனால் சரிபார்க்கும்போது 10-க்குக் கீழே உள்ள ஒற்றைப்படை மதிப்பு ஒன்றையும் கட்டாயம் போட்டுப் பாருங்கள்.

‘அட்வான்டேஜ்’ (சாதகம்) விதியிலும் இதேபோல ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டு தரம் உருட்டிப் பெரியதை எடுப்பது சுலபம், 11 அல்லது அதற்கு மேல் தேவைப்படும் இடத்தில் வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து 75 ஆகும். ஆனால் ஒருவருக்குச் சாதகம் மூன்றும் பாதகம் (இரண்டில் சிறியதை எடுப்பது) ஒன்றும் இருந்தால்? புதிதாக எழுதுகிறவர்கள் மூன்றில் ஒன்று போனால் இரண்டு என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். விதி அப்படி இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றாவது இருந்தால் மொத்தமும் கழிந்து, சாதாரணமாக ஒரே உருட்டல்தான். ஆகவே எத்தனை என்று எண்ண வேண்டாம், ‘இருக்கிறதா, இல்லையா’ என்பது மட்டும் போதும். பார்த்தீர்களா, இங்கே தகராறு பைத்தானோடு இல்லை, வாக்கியத்தை நிதானமாக வாசிப்பதில்தான். வாய்ச்சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்கிற இடங்களையெல்லாம் கோடு எழுதும்போது நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும்.

நாலு பேருக்குப் பகிரும் எண்ணம் இருந்தால், இந்த ஆட்டத்தின் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்திருக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டுத் தாராளமாகப் பயன்படுத்தலாம். காசு கொடுத்து வாங்கிய மற்ற புத்தகங்களில் இருப்பதை அப்படியே தட்டி ஏற்றாதீர்கள்.

வரும் சனிக்கிழமைக்கு உருட்டலும் திருத்தமும் மட்டும் தயாராக இருந்தால் போதும். கூடவே நிஜப் பகடையையும் எடுத்துப் போங்கள், மொட்டைமாடியில் சார்ஜ் தீர்ந்தால் அதுதான் கைகொடுக்கும்.