கடைக்காரர் "எல்லாம் பாடும்" என்றால்: கேள்வி பதில்

அம்மாவுக்குக் காலையில் தேவாரம் கேட்க ஒரு சின்னப் பிளேயர் வேண்டும். போன் அவவுக்குச் சரிவராது. எதைப் பார்த்து வாங்குவது? (சுன்னாகம்)

பொத்தானைப் பாருங்கள். நான் என் அம்மாவுக்கு வடிவாக இருக்கிறதே என்று தொடுதிரைப் பிளேயர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், விபூதிக் கையோடு தொட்டால் அது அசையாது, இப்போது சாமியறை லாச்சியில் கிடக்கிறது. கண்ணாடி போடாமல் தடவிப் பார்த்தே நிறுத்தக்கூடிய பெரிய பொத்தான் இருந்தால் போதும். எம்பி3 பாடாத பிளேயர் கிடையாது, அதனால் அந்தக் கவலை வேண்டாம். 128 கேபிபிஎஸ்ஸில், அதாவது நொடிக்கு 128 கிலோபிட் அளவில், ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ ஒரு எம்பி போகும், 8 ஜிபி மெமரி காட்டில் நூறு மணித்தியாலத்துக்கு மேல் அடங்கும். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறதா என்பதை மட்டும் கடையிலேயே பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அம்மா ஒவ்வொரு நாளும் முதல் பதிகத்தையே கேட்டுக்கொண்டிருப்பா.

பெட்டியில் எல்லா வகை பைலும் பாடும் என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். என்னிடம் இருக்கும் எம்4ஏ பாட்டு ஒன்றும் பாடவில்லை. பற்றுச்சீட்டு வாங்கவில்லை. என்ன செய்யலாம்? (நெல்லியடி)

ஒன்றும் செய்யேலாது. பாட்டை எம்பி3க்கு மாற்றிக் கேளுங்கள். அடுத்த முறை உங்கள் பாட்டு நாலைக் காட்டில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.

என் எம்பி3 பாட்டுகளை ஒரு கடையில் ஃபிளாக் (FLAC) பைலாக மாற்றித் தந்தார்கள், பாட்டுக்கு 10 ரூபா. பைல் பெருத்துவிட்டது, சத்தம் பழையபடிதான் இருக்கிறது. என் காதில் பிழையா? (திருநெல்வேலி)

காது நல்ல காது. எனக்கு ஆத்திரம் வரும் விஷயம் இது, கொஞ்சம் கதைக்க விடுங்கள். சீடியில் இருக்கும் ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட். ஃபிளாக் அதை ஒன்றும் குறையாமல் மடித்து ஏறத்தாழப் பாதியாக்கி வைக்கும். எம்பி3 அப்படியில்லை, காதுக்குப் பெரிதாகத் தெரியாது என்று அது நினைப்பதை எல்லாம் வெட்டி எறிந்துதான் சின்னதாகிறது, எறிந்தது எறிந்ததுதான். தண்ணீர் கலந்த பாலைப் பெரிய சட்டிக்கு மாற்றிவிட்டுக் கட்டிப்பால் என்று விற்றால் வாங்குவீர்களா? உங்களுக்கு நடந்தது அதுதான், சட்டிக்கும் சேர்த்துக் காசு வாங்கியிருக்கிறார்கள். வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் தவில் கேளுங்கள். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் வாசிப்பைக் குறைந்த கேபிபிஎஸ் எம்பி3யில் போட்டால், அடி விழுவதற்கு ஒரு கணம் முன்னாலேயே ஒரு இரைச்சல் கசியும், அந்த வெட்டு மழுங்கிப்போகும். வீட்டில் பழைய கசெற் வைத்திருப்பவர்களுக்கு இதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ரேப்பிலிருந்து நேரே ஃபிளாக்கில் எடுத்து வையுங்கள், பிளேயருக்கு அதிலிருந்து எம்பி3 பிரதி எடுங்கள். அப்பாவின் கசெற்றை 64 கேபிபிஎஸ்ஸில் எடுத்துவிட்டு ரேப்பைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும், அதில் ஒருவர் என் சொந்த மைத்துனர்.

ஓய்வூதியக் காசில் 1 ரிபி (ஆயிரம் ஜிபி) மெமரி காட் 2,500 ரூபாவுக்கு வாங்கினேன். முதலில் ஏற்றிய பாட்டுகள் பாடுகின்றன, பிறகு ஏற்றியவை பெயர் மட்டும் காட்டுகின்றன, திறக்கவில்லை. நான்தான் பிழையாக ஏற்றினேனா? (சாவகச்சேரி)

இல்லை ஐயா, உங்களில் ஒரு பிழையும் இல்லை. உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபி போலச் சின்ன அளவாகத்தான் இருக்கும், 1 ரிபி என்று பொய் சொல்லும்படி அதைத் திருத்தி வைத்திருக்கிறார்கள். நிரம்பிய பிறகு நீங்கள் ஏற்றுவதை அது வாங்குவதுபோல நடிக்கும், பெயர் இருக்கும், பாட்டு இருக்காது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்தப் பத்தி எழுதுகிற நானே கொழும்பில் புறக்கோட்டை நடைபாதையில் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி ஏமாந்தவன். கணினி தெரிந்த பிள்ளை ஒன்றைப் பிடித்து எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளால் சோதித்து, அது காட்டும் கணக்கைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பற்றுச்சீட்டோடு கடைக்குப் போங்கள். காசைத் தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதீர்கள். கடைக்காரர் சத்தம் போட்டால் நீங்கள் தாழ்ந்துபோகத் தேவையில்லை.

அண்ணா கனடாவிலிருந்து தன் பழைய ஐபொட் கிளாசிக்கைத் தந்துவிட்டார். ஃபிளாக் பாட்டுகள் ஏறவே இல்லை. பழுதா? (மானிப்பாய்)

பழுதில்லை, அது ஒருநாளும் ஃபிளாக் வாசித்ததில்லை. ஆப்பிளின் ஏலாக் (ALAC) வகைக்கு மாற்றுங்கள், அதுவும் ஒலியில் ஒன்றையும் வெட்டாத வகைதான், நட்டமில்லை. ஐபொட் செய்வதையே 2022இல் நிறுத்திவிட்டார்கள், பற்றரி ஊதியிருந்தால் சார்ஜ் போட்டுப் பார்க்கும் வேலை வேண்டாம்.

பிளேயரில் சில தமிழ்ப் பாட்டுகளின் பெயர் கட்டம் கட்டமாகவும் சில ஆங்கில எழுத்துக் குப்பையாகவும் வருகின்றன. (பருத்தித்துறை)

கட்டம் என்றால் பிளேயரில் தமிழ் எழுத்து இல்லை. குப்பை என்றால் யாரோ பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் பெயர் அடித்த புண்ணியவான், அது எந்தப் பிளேயரிலும் வராது. ஆங்கில எழுத்திலேயே பெயரை மாற்றி, முன்னால் 01, 02 என்று போட்டுவிடுங்கள், வரிசையும் குழம்பாது. ஆயிரம் பாட்டு இருக்கிறது என்று திரும்ப எழுதாதீர்கள், என்னிடம் இருப்பது மூவாயிரம், இன்னும் முடிக்கவில்லை.